வீட்டு லேண்ட்லைனை ஒப்படைத்துவிட்டுக் கைபேசிக்கு முழுமையாக மாறுவது எப்படி

தரைவழித் தொலைபேசி இணைப்பை ஒப்படைப்பதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது அரை மணி நேர வேலை. ஆனால் இருபது முப்பது ஆண்டுகளாக ஒரு குடும்பமே அந்த எண்ணை நம்பி இயங்கி வந்திருக்கும்போது, விண்ணப்பத்துக்கு முன்பாக முடிக்க வேண்டிய வேலைகள் பல உண்டு. அவற்றைச் செய்யாமல் இணைப்பைத் துண்டித்துவிட்ட வீடுகளில் பெரும்பாலும் சிரமப்படுபவர் எழுபதைக் கடந்த தாயோ தந்தையோதான். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கைபேசி இருப்பதால் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. எனவே தமிழ்நாட்டில் பி.எஸ்.என்.எல். செம்புக் கம்பி இணைப்பு வைத்திருக்கும் வீடுகளை, அதிலும் முதியவர்கள் இருக்கும் வீடுகளை மனத்தில் கொண்டே இந்த வழிமுறைகளை எழுதுகிறேன். தனியார் நிறுவன இணைப்பு வைத்திருப்பவர்களுக்கும் நடைமுறை ஏறத்தாழ இதேதான்.

லேண்ட்லைன் வீட்டுக்கு உரியது, கைபேசி ஆளுக்கு உரியது என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கூடத்தில் மணி அடித்தால் யார் அருகில் இருக்கிறார்களோ அவர் எடுப்பார். வீட்டு வேலைக்கு வரும் அம்மா எடுத்து, "ஐயா குளிச்சிக்கிட்டு இருக்காங்க, பத்து நிமிஷம் கழிச்சிப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வைப்பார். ஊரிலிருந்து அழைக்கும் சித்தப்பா யாரிடம் பேசப்போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதில்லை. வீட்டைக் கூப்பிட்டால் போதும், யாராவது ஒருவர் கிடைப்பார். இணைப்பை ஒப்படைக்கும்போது போய்விடுவது இந்த வசதிதான். இதற்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே மற்ற எதையும் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விட்டுவிடலாமா என்பதைச் சோதித்துப் பாருங்கள்

வீட்டுக்குள் கைபேசிச் சிக்னல் எப்படி இருக்கிறது என்பதைப் பல நாள், பல வேளையில் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் நான்கு கோடு காட்டும் கைபேசி, கான்கிரீட் கட்டடத்தின் தரைத் தளத்துப் படுக்கையறையில் ஒரு கோடுகூடக் காட்டாமல் இருக்கலாம். பெரியவர் பகலில் உட்காரும் நாற்காலி, இரவில் படுக்கும் கட்டில், சமையலறை, குளியலறை ஆகிய இடங்களில் நின்று உண்மையாகவே ஓர் அழைப்பு செய்து பேசிப் பார்க்க வேண்டும். கோடுகளை எண்ணிப் பார்ப்பது போதாது. வால்பாறை, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் ஒரு தெருவில் கிடைத்து அடுத்த தெருவில் கிடைக்காமல் போவது சாதாரணம் என்பதால், இரண்டு மூன்று நிறுவனங்களின் சிம்மைக் கடன் வாங்கியாவது சோதிப்பது நல்லது. வீட்டில் அகலப்பட்டை இணையம் இருந்தால், வைஃபை வழியாகப் பேசும் வசதி உள்ள கைபேசியைக் கொண்டு இந்தக் குறையைப் பெருமளவு போக்கிக்கொள்ளலாம். ஏர்டெல், ஜியோ ஆகிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாகவே இந்த வசதியைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகின்றன.

அடுத்து மின்வெட்டு. செம்புக் கம்பியில் வரும் பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே வந்து கருவியை இயக்குகிறது. தெருவே இருண்டிருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்பது இதனால்தான். கைபேசிக்கோ, கையில் உள்ள பேட்டரியும் இருக்க வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரமோ டீசலோ இருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோதும் கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்ததை அந்தப் பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். மரம் விழுந்து கம்பி அறுந்தாலும், நிலத்தடிக் கேபிளில் வெள்ளம் புகுந்தாலும் லேண்ட்லைனும் ஓய்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் கடலோர மாவட்டங்களில் தனியாக வாழும் முதியவரின் வீட்டில் ஒரே ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இரண்டு சிம் போடும் கைபேசியில் இரு வேறு நிறுவனங்களின் எண்களை வைத்துக்கொள்வதும், முழுமையாக ஏற்றிய பவர்பேங்க் ஒன்றை அக்டோபர் முதல் டிசம்பர் வரை எப்போதும் தயாராக வைத்திருப்பதும் குறைந்தபட்ச முன்னேற்பாடுகள்.

இந்தச் சோதனையில் வீடு தேறவில்லை என்றால், அல்லது எண்ணை விட மனமில்லை என்றால், இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. உங்கள் பகுதியில் கண்ணாடி இழை வசதி வந்திருந்தால், செம்புக் கம்பி இணைப்பை ஃபைபர் இணைப்பாக மாற்றித் தரும்படி பி.எஸ்.என்.எல்.லிடம் கேட்கலாம். தொழில்நுட்ப வசதி இருக்கும் இடங்களில் பழைய எண்ணையே தொடர்ந்து தருகிறார்கள். ஆனால் ஃபைபரில் வரும் தொலைபேசி, வீட்டில் மாட்டும் மோடத்தின் வழியாக இயங்குவதால் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். மோடத்துக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வைக்காவிட்டால் மின்வெட்டில் அதனால் பயனில்லை.

லேண்ட்லைன் எண்ணையே கைபேசி எண்ணாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். முடியாது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள எண் மாறாச் சேவை மாற்றம், அதாவது எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறும் வசதி, கைபேசி எண்களுக்கு மட்டும் உரியது.

வீட்டுக்கென்று ஒரு கைபேசி

எவருடைய சட்டைப் பையிலும் கைப்பையிலும் வெளியே போகாத, வீட்டிலேயே இருக்கும் கைபேசி ஒன்றை ஏற்பாடு செய்வதே லேண்ட்லைனுக்குச் சரியான மாற்று. அதன் எண்ணையே இனி வீட்டு எண்ணாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். மகனின் எண்ணையோ மகளின் எண்ணையோ வீட்டு எண்ணாகக் கொடுத்தால், அவர் அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டுக்கு வரும் அழைப்பு அலுவலகத்துக்குப் போகும். அதற்குள் வீட்டில் அம்மா யாரும் கூப்பிடவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்.

இதற்கு இரண்டு வகைக் கருவிகள் பொருந்தும். ஒன்று, பெரிய பொத்தான்களும் உரத்த மணியும் உள்ள சாதாரணக் கீபேட் போன். மற்றொன்று, பார்ப்பதற்குப் பழைய லேண்ட்லைன் கருவியைப் போலவே ரிசீவரும் பொத்தான்களும் கொண்டு, உள்ளே சிம் போடும் மேசை போன். கடைகளில் சிம் போடும் லேண்ட்லைன் என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். விரல் நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது வகையையே நான் பரிந்துரைப்பேன். எடுத்தால் பேசலாம், வைத்தால் துண்டிக்கும் என்ற பழக்கம் அவர்கள் கைக்கு ஏற்கெனவே இருக்கிறது. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் என்று புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். விலை குறைந்த கருவிகள் பலவும் 2ஜியில் மட்டுமே இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது என்பதால் அந்தக் கருவிகளில் ஜியோ சிம் வேலை செய்யாது. 4ஜி அலைவரிசையில் பேசும் வசதி உள்ள கருவியாக வாங்கினால் எந்த நிறுவனத்தின் சிம்முக்கும் ஏறத்தாழ ஒத்துவரும். கடையிலேயே சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

சிம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதையும் யோசித்தே முடிவு செய்ய வேண்டும். அந்த வீட்டில் நிரந்தரமாக வாழ்பவர் பெயரில் இருப்பதே முறை. வெளிநாட்டில் உள்ள மகனின் பெயரில் வாங்கிய சிம் தொலைந்துவிட்டால் மாற்று சிம் பெற அவர் நேரில் வர வேண்டிய நிலை ஏற்படும். பெரியவர் பெயரில் ஏற்கெனவே எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். அவர் அறியாத எண் ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால் அங்கேயே புகார் செய்து நீக்கச் சொல்லலாம்.

ரீசார்ஜ் என்பது லேண்ட்லைன் வீட்டுக்குப் புதிய பொறுப்பு. லேண்ட்லைனில் பில் கட்டத் தாமதமானால் முதலில் வெளியே பேசுவது மட்டும் நிற்கும், உள்ளே வரும் அழைப்பு சில நாள் தொடரும். ப்ரீபெய்ட் கைபேசியில் காலம் முடிந்தால் அழைப்பு வருவதும் சில நாளில் நின்றுவிடும். மணி அடிக்காத போனைப் பார்த்து அது பழுதாகிவிட்டது என்று பெரியவர் நினைப்பாரே தவிர, ரீசார்ஜ் முடிந்தது என்று நினைக்கமாட்டார். 90 நாள் பயன்படுத்தாமலேயே விட்டுவிட்டால் அந்த எண்ணை முடக்கிவிடவும், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் நிறுவனத்துக்கு வழி உண்டு. பேச மட்டும் பயன்படும் வீட்டு போனுக்கு இணைய டேட்டாவோடு கூடிய திட்டம் வீண் செலவு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும், அவற்றின் காலம் 365 நாள் வரை இருக்கலாம். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் ரீசார்ஜ் என்றால், அந்தத் தேதியைத் தினசரி நாட்காட்டியில் மட்டும் எழுதிவைக்காமல் பிள்ளைகளில் ஒருவரின் கைபேசியிலும் நினைவூட்டலாகப் போட்டுவைப்பது நல்லது.

புதிய கருவியை வைக்கும் இடம் பழைய போன் இருந்த அதே ஸ்டூலாகவோ அலமாரியாகவோ இருக்கட்டும். மணி ஓசை வரும் திசையே மாறினால் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். இருட்டில் வேகமாக எழுந்து விழுந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அந்த ஸ்டூலுக்கு அருகில் மின்செருகி இருக்க வேண்டும். இரவு படுக்கும்போது சார்ஜரில் போட்டு, காலையில் காபி குடிக்கும் நேரத்தில் எடுப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டால் பேட்டரி தீர்ந்துபோகும் சிக்கல் வராது.

இனி எண்கள். பல வீடுகளில் போனுக்கு மேலே உள்ள சுவரே டைரியாக இருந்திருக்கும். பால்காரர், எலக்ட்ரீஷியன், மருந்துக் கடை, கேஸ் ஏஜென்சி, மதுரை அக்கா என்று பென்சிலாலும் ஸ்கெட்ச் பேனாவாலும் எழுதிய எண்கள், அடித்தவையும் திருத்தியவையுமாக அங்கே இருக்கும். வெள்ளையடிக்கும் முன் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த எண்களைப் புதிய போனில் பதியும்போது மறக்கக் கூடாத ஒரு மாற்றம் உண்டு. லேண்ட்லைனிலிருந்து அதே ஊர் லேண்ட்லைனைக் கூப்பிட ஊர்க் குறியீடு தேவைப்பட்டதில்லை. கைபேசியிலிருந்து கூப்பிட ஒவ்வொன்றுக்கும் குறியீடு வேண்டும். சென்னைக்கு 044, கோவைக்கு 0422, மதுரைக்கு 0452, திருச்சிக்கு 0431, நெல்லைக்கு 0462, தஞ்சாவூருக்கு 04362. முன்னால் வரும் பூச்சியத்தையும் சேர்த்து எண்ணினால் எல்லா லேண்ட்லைன் எண்களும் 11 இலக்கமாக வரும். வரவில்லை என்றால் எங்கோ ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கிறது. பழைய டைரிகளில் சென்னை எண்கள் ஏழு இலக்கமாக இருந்தால், எட்டு இலக்கமாக மாற்றப்பட்டபோது பி.எஸ்.என்.எல். எண்களுக்கு முன்னால் 2 சேர்க்கப்பட்டதை நினைவில் கொண்டு அவற்றையும் சரிசெய்துகொள்ளலாம்.

அடிக்கடி பேசும் நான்கைந்து பேரை ஒற்றைப் பொத்தான் அழைப்பில் போட்டு, 2 என்றால் பெரியவன், 3 என்றால் சின்னவள், 4 என்றால் டாக்டர் என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அந்த அட்டையிலேயே 112, 108 ஆகிய அவசர எண்களையும், வீட்டின் கதவிலக்கம், தெரு, அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயர் ஆகியவற்றையும் எழுதிவைப்பது மிக அவசியம். லேண்ட்லைன் எண் ஒரு முகவரியோடு பதிவாகியிருந்தது. கைபேசியிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுபவர் இருக்கும் இடத்தைத் தானே தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கும். பதற்றத்தில் வாய் குழறினால் அட்டையைப் பார்த்துப் படித்துவிடலாம், வீட்டு வேலைக்கு வருபவர்கூடப் படிக்கலாம். கீபேட் போன்களில் 5 அல்லது 9 பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி இருக்கிறது. அது தவறுதலாக அழுத்தப்படாமல் இருக்க விசைப்பூட்டைப் பயன்படுத்தவும் கற்றுக்கொடுங்கள்.

தவறிய அழைப்பு என்பது பெரியவர்களுக்குப் புரியாத ஒன்று. திரையில் காட்டும் குறியை அவர்கள் கவனிப்பதில்லை. எனவே, எடுக்காவிட்டால் அழைப்பு மகள் எண்ணுக்குத் திரும்பும்படி போனின் அமைப்புப் பகுதியிலோ வாடிக்கையாளர் சேவை மையம் மூலமாகவோ ஏற்பாடு செய்துவிடுங்கள். வேறு யாரேனும் கூப்பிட்டு நட்சத்திரக் குறியோடு ஓர் எண்ணை அழுத்தச் சொன்னால் ஒருபோதும் அழுத்தக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள். அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொள்ள மோசடிக்காரர்கள் கையாளும் வழி அது. அதே காரணத்துக்காக, வீட்டு போன் எண்ணை எந்த வங்கிக் கணக்கோடும் இணைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 எண்ணில் பதிவு செய்யலாம். பணமோசடி நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

பழைய எண் எங்கெல்லாம் இருக்கிறது

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். ஓடிபி எல்லாம் ஏற்கெனவே கைபேசிக்குத்தான் வருகிறது, ஆகவே லேண்ட்லைன் எண் எங்கும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய எல்.ஐ.சி. பாலிசி, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு, ஓய்வூதியக் கருவூலப் பதிவு, சமையல் எரிவாயு இணைப்பு, மின் இணைப்பு, மருத்துவமனைக் கோப்பு, குடியிருப்போர் சங்கம், கோயில் கட்டளைப் பதிவு, பிள்ளைகள் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் பட்டியல் என்று அது பல இடங்களில் கிடக்கும். இரும்புப் பெட்டியில் உள்ள ஆவணங்களை ஒருமுறை வெளியே எடுத்து, எண் எழுதப்பட்டிருக்கும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் முதலில் மாற்ற வேண்டியவை பணம் திரும்பி வர வேண்டிய இடங்கள். முதிர்வுத் தொகைக்காகக் காப்பீட்டு நிறுவனமோ வங்கியோ தொடர்புகொள்ள முயலும்போது துண்டிக்கப்பட்ட எண் மட்டும் அவர்களிடம் இருந்தால், அந்தத் தொகை கோரப்படாத பணமாகக் கிடந்துவிடும்.

முகவரிச் சான்று இன்னொரு கவலை. கடவுச்சீட்டு விண்ணப்பம் உட்படப் பல இடங்களில் லேண்ட்லைன் பில் முகவரிச் சான்றாக ஏற்கப்படுகிறது. ப்ரீபெய்ட் கைபேசிக்கு அப்படிப் பில் கிடையாது. பெரியவர் பெயரில் வேறு முகவரிச் சான்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இணைப்பை விடுங்கள். மின் இணைப்பும் எரிவாயு இணைப்பும் மகன் பெயரில் இருக்கும் வீடுகளில் தந்தை பெயரில் வரும் ஒரே பில் தொலைபேசியுடையதாக இருப்பதுண்டு.

இரண்டு எண்களும் சேர்ந்து ஒலிக்கும் காலம்

புதிய வீட்டு போன் வந்த அன்றே லேண்ட்லைனை நிறுத்திவிடாமல், குறைந்தது இரண்டு மூன்று மாதம் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். வாடகை கூடுதலாகப் போனாலும் அந்தச் செலவு வீணல்ல. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் புதிய எண்ணை அனுப்பிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் லேண்ட்லைனைக் கூப்பிடுபவர்களில் பாதிப்பேர் வாட்ஸ்அப் பார்க்காதவர்கள். தந்தையின் அலுவலக நண்பர், ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலன்று மட்டும் கூப்பிடும் ஊர்க்காரர், திருமண அழைப்புக்கு முகவரி கேட்கும் தூரத்துச் சொந்தம் ஆகியோர் டைரியைப் புரட்டி எண்ணைச் சுழற்றுபவர்கள். பழைய போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் வைத்து, யார் கூப்பிட்டாலும் அவர் பெயரை எழுதிக்கொண்டு, புதிய எண்ணை இரண்டு முறை சொல்லி எழுதிக்கொள்ளச் செய்ய வேண்டும். இணைப்பைத் தைப்பொங்கல், தீபாவளி போன்ற ஒரு பண்டிகை முடிந்த பிறகு ஒப்படைத்தால் இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோரைப் பிடித்துவிடலாம்.

லேண்ட்லைனுக்கு வரும் அழைப்பைக் கைபேசிக்குத் திருப்பும் வசதியும் உண்டு. உங்கள் எக்ஸ்சேஞ்சில் அதை இயக்கும் முறையைச் சேவை மையத்தில் கேட்டுப் பெறலாம். திருப்பப்படும் அழைப்புகளுக்குக் கட்டணம் உங்கள் திட்டத்தைப் பொறுத்தது என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த இடைக்காலத்தில், லேண்ட்லைனிலிருந்து கைபேசியைக் கூப்பிடும்போது மட்டும் முன்னால் 0 போட வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கு நினைவூட்டுவதும் பயன்படும்.

அதே கம்பியில் இணையமும் வருகிறதா என்று பாருங்கள். தொலைபேசிக் கம்பியில் வரும் அகலப்பட்டை, இணைப்பை ஒப்படைத்த அன்றே நின்றுவிடும். மாற்று இணையத்தை முன்னதாகவே வாங்கி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். இணைய இணைப்போடு நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தி வந்தால் அதில் உள்ளவற்றையும் முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் முறை

பில் கட்டாமல் விட்டால் தானாகத் துண்டித்துவிடுவார்கள், அதற்கு எதற்கு விண்ணப்பம் என்று எண்ணுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது தவறான வழி. துண்டிக்கப்படும் வரை வாடகை ஏறிக்கொண்டே போகும், நிலுவை டெபாசிட்டில் கழிக்கப்படும், மீதிக்கு அறிவிப்பு வரும், மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்புகூட வரலாம். எழுபது வயதுக்காரர் பெயருக்கு நீதிமன்ற அறிவிப்பு வந்து வீடே கலங்குவதைவிட, ஒருமுறை சேவை மையத்துக்குப் போய் வருவது எளிது.

கடைசி பில் வரை பாக்கி இல்லாமல் கட்டிவிட்டு, அந்த ரசீதின் நகல், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாளச் சான்றின் நகல், டெபாசிட் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்க நகல் அல்லது ரத்து செய்த காசோலை, முதன்முதலில் டெபாசிட் கட்டியபோது கொடுத்த அசல் ரசீது ஆகியவற்றோடு வாடிக்கையாளர் சேவை மையத்துக்குச் செல்ல வேண்டும். அசல் ரசீது கிடைக்காவிட்டால் அதைத் தேடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அது தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுக்கும் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் ஓ.ஒய்.டி. என்ற முன்னுரிமைத் திட்டத்தில் கூடுதல் தொகை கட்டி இணைப்பு பெற்றவர்கள், அந்தத் தாள்களையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நிறுவனம் கொடுத்த கருவியையும், வாடகைக்குப் பெற்ற மோடம் இருந்தால் அதையும் திரும்பக் கொடுத்து அதற்குத் தனியாக எழுத்துச் சான்று பெற வேண்டும். சொந்தமாகக் கடையில் வாங்கிய கருவி உங்களுடையது, அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. "என் பெயரில் உள்ள ______ எண் தரைவழித் தொலைபேசி இணைப்பை ______ தேதி முதல் நிரந்தரமாகத் துண்டித்து, இறுதிக் கணக்கை முடித்து, என் வைப்புத்தொகையை இத்துடன் இணைத்துள்ள வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்றைய தேதி வரை நிலுவை ஏதும் இல்லை. கருவியை இன்று ஒப்படைத்துள்ளேன். தொடர்புக்கு என் கைபேசி எண் ______" என்று எழுதினால் போதும். இதில் "நிரந்தரமாக" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வெளியூர் செல்பவர்களுக்கான தற்காலிக நிறுத்தம் என்று எடுத்துக்கொண்டுவிட்டால் பிறகு கணக்கு தொடரும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் பெற்றுக்கொண்டுதான் அங்கிருந்து கிளம்ப வேண்டும். பிறகு எழும் எல்லா வாதங்களுக்கும் அந்த முத்திரையிட்ட பிரதியே ஆதாரம்.

இணைப்பு வைத்திருந்தவர் காலமாகிவிட்டிருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் ஆகியவை தேவைப்படும். பத்து ஆண்டுக்கு முன் காலமான தாத்தாவின் பெயரிலேயே பில் வந்துகொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அத்தகைய வீடுகள் இந்தச் சான்றுகளை முதலில் திரட்டிக்கொண்டு தொடங்கினால் இரண்டு முறை அலைய வேண்டாம்.

துண்டித்த பிறகு

வங்கியிலிருந்து பில் தொகை தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்திருந்தால், இறுதி பில் கட்டி முடித்ததும் அந்த ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள். லைன்மேனைக் கூப்பிட்டுக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியைக் கழற்றச் சொல்வதும் அவசியம். தெருவுக்குக் குறுக்கே தொங்கும் பயனற்ற கம்பி, மின்கம்பி அறுந்து அதன்மேல் விழும் நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். நீங்களே ஏணி வைத்து ஏறி அறுக்க முயல வேண்டாம்.

டெபாசிட் தொகை பெரிதாக இருக்காது என்பதால் பலர் அதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் பணம், கேட்டுப் பெறுங்கள். ட்ராயின் 2009-ஆம் ஆண்டு சேவைத் தர ஒழுங்குமுறையே கணக்கு முடித்த 60 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று வகுத்தது. அதற்கு மேலும் வராவிட்டால், முத்திரையிட்ட விண்ணப்பப் பிரதியைக் காட்டி முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைப் பெறுங்கள். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைபேசிச் சேவை குறித்த வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்திருக்கிறது. இதற்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.